வெள்ளமடைப் பிரிவில் நின்றவர்

பிரதீபாவின் வண்டி குழியில் இறங்கி ஏறியது. அவள் கண்ணைப் பொறுத்தவரை அந்தக் குழியைக் கடந்து ஆறு நொடி ஆகியிருந்தது. கண்ணாடியில் சாலை வழுவழுவென்று ஓட, முதுகு மட்டும் தூக்கிப் போட்டது. வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. எதற்காக என்று காலுக்கே தெரியவில்லை.

வண்டி ஓட்ட ஆரம்பித்து அன்று மூன்றாவது நாள். ஹெல்மெட்டின் முன்பக்கம் பொருத்தியிருந்த கறுப்புக் கண்ணாடிக்கு வருகாட்டி என்று பெயர். அது எதிரே இருக்கும் சாலையைக் காட்டாது. ஆறு நொடி கழித்து இருக்கப்போகும் சாலையைக் காட்டும். மாடு குறுக்கே வரப்போகிறது என்றால் வருவதற்கு முன்பே தெரியும். முறுக்கிப் பிடித்த கையைத் தளர்த்தினால் போதும், வண்டி தானாக வேகம் குறைந்து, மாடு கடந்த பிறகு அந்த இடத்துக்குப் போய்ச் சேரும். பிரேக்கே வேண்டாம். பயிற்சி மையத்தில் திரும்பத் திரும்பச் சொன்னது அதைத்தான்: பிரேக் பிடிப்பது என்பது எரித்த நெய்யைத் தரையில் ஊற்றுவது.

நெய் என்றால் பாசிநெய். உப்பங்கழித் தொட்டிகளில் வளர்க்கும் பாசியிலிருந்து எடுப்பது. ஆளுக்கு வாரம் இரண்டு லிட்டர்தான் பங்கு. பிரதீபா தாராபுரத்தில் ஓர் ஆய்வகத்துக்காக ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்துவருபவள். பஸ்கள் நின்றுபோனதால் நாற்பத்தொரு வயதில் வண்டி பழக வேண்டியதாயிற்று. வாரத்துக்கு ஒன்பது ஊர், இருநூற்றுப் பத்து கிலோமீட்டர். லிட்டருக்கு நூற்றைந்து வந்தால் பிழைத்தாள். வருகாட்டி இல்லாமல் ஓட்டினால் அறுபதுதான் வரும். அது போதாதென்று, புதிதாக உரிமம் வாங்கியவர்கள் ஆறு மாதத்துக்குக் கண்ணாடியைத் தூக்கவே முடியாது. ஓடும்போது தூக்கினால் என்ஜின் அணைந்துவிடும்.

முதல் வாரம் எல்லாருக்கும் குழப்பமாகத்தான் இருக்கும், கண்ணும் உடம்பும் போகப் போகச் சமாதானமாகிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த நம்பிக்கையில்தான் அவள் வெள்ளமடைப் பிரிவை நெருங்கினாள்.

அங்கே சாலை வளைந்து, ஒரு கிளை வெள்ளமடைக்குப் பிரிகிறது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். வளைவில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, தலையில் புல்லுக்கட்டு, ஒரு கால் தார்ச்சாலையில். குறுக்கே நடக்கப்போகிறவர் மாதிரி.

பிரதீபா கையைத் தளர்த்தினாள். வண்டி மெதுவானது. பெரியவர் நகரவில்லை. இன்னும் மெதுவாக்கினாள். அவர் அப்படியே நின்றார். வேறு வழியில்லாமல் பிரேக்கை அழுத்தி நிறுத்தினாள். பத்தடி முன்னால் கண்ணாடிக்குள் அவர் முகத்தைத் தூக்கிப் பார்த்தார், ஆனால் அவளை அல்ல.

"பெரியவரே, நீங்க போங்க, நான் நிக்கறேன்" என்றாள்.

அவள் என்ஜினை அணைத்துக் கண்ணாடியைத் தூக்கினாள். சாலை காலியாக இருந்தது. கருவேல இலைகள் காற்றில் ஆடின, அவ்வளவுதான். இறங்கி வண்டிக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள். ஒருவேளை இடித்திருந்தால்? யாரும் இல்லை. திரும்பக் கண்ணாடியை இறக்கியபோது அவர் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த நாளும் நின்றார். போகும்போதும் வரும்போதும் நின்றார். அங்கே ஒவ்வொரு முறை நின்று எடுக்கும்போதும் நெய்முள் ஒரு மயிரிழை இறங்கியது. வெள்ளிக்கிழமை மத்தியானம், வெள்ளமடையைத் தாண்டி மூன்றாவது கிலோமீட்டரில் வண்டி இருமிவிட்டு நின்றது.

அவள் தள்ளிக்கொண்டு போகும்போது பின்னால் வந்த குமரகுரு வண்டியை ஓரம்கட்டினான். அந்தப் பக்கத்துக்குத் தபால் கொண்டுபோகிறவன். நாலு வருஷமாக ஓட்டுகிறான்.

"ஏனுங்கக்கா, அதுக்குள்ள பங்கு தீந்துபோச்சுங்களா?"

"அந்தப் பிரிவுல ஒரு பெரியவர் நிக்கறாரே, அவருக்காகத் தினமும் பிரேக் புடிக்க வேண்டியிருக்குது."

"ஆமாங்க, புல்லுக்கட்டுக்காரர். எப்பவும் நிப்பாருங்க. நான் கொஞ்சம் வளைச்சுக்கிட்டுப் போயிருவேன்."

"நீங்க அவரை நேர்ல பாத்திருக்கீங்களா? கண்ணாடி இல்லாம?"

குமரகுரு யோசித்தான். "நாம போய்ச் சேர்றதுக்குள்ள ஆறு நொடி ஆயிருதுங்களே. அவரு தாண்டிப் போயிருப்பாருங்க."

"நான் நிறுத்திப் பாத்தேன். யாருமே இல்லை."

"அப்படீங்களா?" என்றான். அவன் முகத்தில் பயம் இல்லை. நாலு வருஷமாக ஒருவருக்கு வழிவிட்டுப் போனவன், அவர் இல்லை என்று யாரோ சொன்னால் அதை எங்கே வைப்பது என்று தெரியாத முகம்தான் இருந்தது.

அவன் பின்னாலிருந்து காலால் தள்ளிக்கொடுக்க, இரண்டு மணி நேரம் கழித்து தாராபுரம் சேர்ந்தார்கள். குளிர்ப்பெட்டி வெதுவெதுப்பாகியிருந்தது. எல்லாக் குப்பிகளையும் கொட்ட வேண்டியதாயிற்று. அதில் வெள்ளமடை மரகதத்தின் குப்பியும் ஒன்று. மரகதத்துக்கு இதயத்தில் வால்வு மாற்றியிருந்தது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவள். வாரம் ஒரு முறை ரத்தத்தைப் பார்த்துத்தான் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

மறுநாள் சரக்கு ஆட்டோவில் தொற்றிக்கொண்டு மரகதத்தின் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். மரகதம் திட்டவில்லை. ஏற்கெனவே நீலம் பாரித்திருந்த கையை நீட்டி, "இன்னொருக்காக் குத்தோணுமா அம்மிணி? சரி, குத்திக்கோ" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று பிரதீபாவுக்கு இருந்தது.

திரும்பும்போது பிரிவில் இறங்கிக்கொண்டு, ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள். பதினேழு வண்டிகள் வந்தன. ஒவ்வொன்றும் வளைவில் தயங்கியது. ஒவ்வொன்றும் ஒரே இடத்தில், ஒன்றுமில்லாத தாருக்கு மரியாதை செய்வது போல ஒதுங்கிச் சுற்றிப் போனது. ஒருத்தர் தலையைக்கூட லேசாகத் தாழ்த்தினார்.

கையோடு ஹெல்மெட்டையும் கொண்டுவந்திருந்தாள். மாட்டினாள். அவர் நின்றிருந்தார். கழற்றினாள். இல்லை. மறுபடி மாட்டிக்கொண்டு அவர் பக்கத்திலேயே போனாள். முகம் நன்றாகத் தெரிந்தது. யாரோ தெரிந்தவர் மாதிரியும் இருந்தது, யாருடைய முகமும் இல்லாத மாதிரியும் இருந்தது. கையை நீட்டினாள். அவளுடைய கையே ஆறு நொடி முன்னதாக அவர் தோளுக்குள் போய் மறைந்தது. விரலில் வெயில் மட்டும் சுட்டது. யார் பொய், கண்ணா கையா என்று நின்று யோசித்தாள். பிறகு தனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

திங்கட்கிழமை சாலைக் கணிப்பகத்துக்குப் போனாள். எல்லா வண்டிகளும் அனுப்பும் தகவலைச் சேர்த்து, கணிப்பி என்ற இயந்திரம் ஆறு நொடி எதிர்காலத்தைத் தைத்து அனுப்பும் இடம். பொறியாளர் நவநீதனுக்கு முப்பது வயது இருக்கும். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, திரையில் அந்த வளைவை வரவழைத்து நெடுநேரம் பார்த்தான்.

"ஆள் இருக்காருங்க" என்றான்.

"நான் பக்கத்துல நின்னு பாத்தேன் சார். இல்லை."

"வண்டிகள்ல இருக்கற கேமராவும் இல்லைன்னுதான் சொல்லுது. ஆனா வண்டி எல்லாம் அங்க மெதுவாகுது. தூசி, மழை, எதிர்வெயில், இதுல எல்லாம் கேமரா ஏமாந்துரும். அதனால கேமரா ஒண்ணு சொல்லி, ஓட்டறவங்க நடத்தை இன்னொண்ணு சொன்னா, கணிப்பி நடத்தையைத்தான் நம்பும். இத்தனை பேர் ஒரு இடத்துல ஒதுங்கிப் போறாங்கன்னா அங்க ஏதோ இருக்கோணும். என்ன இருக்கும்னு அதுவா ஒரு உருவம் போட்டுக்கும்."

"அவங்க ஒதுங்கறதே இது அந்த உருவத்தைக் காட்டறதாலதானே?"

நவநீதன் பேனாவைக் கீழே வைத்தான். "ஆமாங்க" என்றான் மெதுவாக. "அது காட்டறதால இவங்க ஒதுங்கறாங்க. இவங்க ஒதுங்கறதால அது காட்டுது."

"முதல்ல யாரு ஒதுங்கினது?"

"என்னைக்கோ யாரோ நிஜமாவே அங்க நின்னிருக்கலாம். இல்லைன்னா ஒருத்தருக்குத் தும்மல் வந்திருக்கலாம். எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

அழித்துவிடுங்கள் என்றாள் பிரதீபா. அதற்கு மட்டும் அவனுக்கு அனுமதி இல்லை. சாலையில் தெரியும் ஒரு மனிதனைக் கையால் அழிக்கும் அதிகாரம் எவருக்கும் இருக்கக் கூடாது என்றுதான் கணிப்பியைக் கட்டியிருந்தார்கள். அந்த விதி சரியானது என்று அவளுக்கே பட்டது. அதனால் மேலும் குழம்பினாள்.

"ஒரே ஒரு வழி இருக்குங்க" என்றான் நவநீதன். "யாராவது வேகம் குறைக்காம அவர் ஊடாலயே போகோணும். ஒரு தடவை பத்தாது. நாப்பது தடவையாவது வேணும். அப்பத்தான் அது மனசை மாத்திக்கும்."

செவ்வாய் காலை அவன் பிரிவில் வெறுங்கண்ணோடு நின்றுகொண்டான். இருவர் காதிலும் பேசுகருவி. முதல் தடவை பிரதீபா ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்தாள். பெரியவரின் புல்லுக்கட்டில் ஒவ்வொரு புல்லும் தனித்தனியாகத் தெரிந்த கணத்தில் பிரேக்கைப் பிடித்துவிட்டாள். வண்டி வழுக்கி நின்றது.

"இப்ப அது இன்னும் உறுதியா நம்பும்" என்றான் நவநீதன். குறையாகச் சொல்லவில்லை.

"சார், நிஜமாவே யாரும் இல்லையே?"

"இல்லைங்க. நானே அந்த இடத்துல வந்து நிக்கட்டுமா?"

"வேண்டாம்" என்றாள் அவசரமாக.

இரண்டாவது தடவை "யாரும் இல்லைங்க, வாங்க, வாங்க" என்ற குரலை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தாள். கண்ணாடியில் பெரியவர் பெரிதாகி, முகமாகி, ஒரு கண்ணாகி, ஒன்றுமில்லாமல் போனார். ஆறு நொடி கழித்து அவள் உடம்பு அந்த இடத்தைக் கடந்தது. எதுவும் தட்டவில்லை. ஐம்பது அடி தள்ளி வண்டியை நிறுத்தி இறங்கினாள். ஒரு ஆளைக் கொன்றுவிட்டு வந்த மாதிரி கையை மண்ணில் தேய்த்துத் துடைத்தாள். கொல்ல ஆளே இல்லை என்பது கைக்கு உறைக்கவில்லை.

அன்று பதினொரு தடவை போனாள். மறுநாள் குமரகுரு சேர்ந்துகொண்டான். பால் வண்டிக்காரர்கள் இருவர் வந்தார்கள். இருபதுக்குப் பிறகு பெரியவர் வெளிறினார். முப்பதுக்கு மேல் அவர் வழியாகப் பின்னால் இருந்த கருவேலம் தெரிந்தது. நாற்பத்து மூன்றாவது தடவையில் சாலை காலியாக இருந்தது. குமரகுரு மட்டும் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். "என்னமோ மாதிரி இருக்குதுங்க" என்றான்.

அந்த வாரம் பிரதீபாவுக்கு லிட்டருக்கு நூற்றெட்டு வந்தது. ஒன்பது ஊரும் முடிந்து தொட்டியில் மிச்சமும் இருந்தது. கண்ணும் உடம்பும்கூடச் சமாதானமாகிவிட்டன. குழி வருவது அவள் முதுகுக்கு இப்போது முன்கூட்டியே தெரிந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு முற்பகல், மரகதம் பிரிவு வரைக்கும் நடந்து வந்து காத்திருந்தாள். பிரதீபா எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்டியோடு சாலையைக் கடந்தாள். வளைவில் ஒரு வண்டி வந்தது. குமரகுருதான் என்று சட்டையை வைத்தே தெரிந்தது. அவனுடைய கறுப்புக் கண்ணாடி நேராக அவளைப் பார்த்தபடி வந்தது. ஒதுங்குவான் என்று அவள் ஒரு நொடி நின்றாள். அவன் ஒதுங்கவில்லை. வேகம்கூடக் குறையவில்லை.

மரகதம் கத்தியதில்தான் அவள் பின்னால் பாய்ந்தாள். கைப்பிடி பெட்டியில் மோதி, பெட்டி சிதறி, அவள் இடது மணிக்கட்டின் மேல் விழுந்தாள். உள்ளே ஏதோ முறிந்த சத்தம் கேட்டது.

குமரகுரு தள்ளாடி நிறுத்திவிட்டு ஓடி வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அவளுக்கு மூன்றடி முன்னால் நின்று தரையில் இடமும் வலமும் பார்த்தான்.

"யாருங்க? யாருங்க அது? எங்க இருக்கீங்க?"

"இங்கதான் குமரகுரு. கண்ணாடியைத் தூக்குங்க."

தூக்கினான். கீழே அவளைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "ரோடு காலியா இருந்துச்சுங்கக்கா. சத்தியமா காலியா இருந்துச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் நம்பினாள். நம்பியதுதான் வலியைவிட மோசமாக இருந்தது.

கையில் மாவுக்கட்டோடு அவள் கணிப்பகத்துக்குப் போனபோது நவநீதன் எழுந்து நின்றான். அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"கேமரா உங்களைப் பாத்திருக்குங்க. தெளிவாவே பாத்திருக்கு. ஆனா அந்த வளைவுல ஆள் மாதிரி தெரியறது ஆள் இல்லை, நேரா ஊடால போகலாம்னு நாம நாப்பத்து மூணு தடவை சொல்லிக்கொடுத்துட்டோம். அதனால உங்களைத் துடைச்சுட்டுச் சாலையை மட்டும் காட்டியிருக்கு."

"அந்த ஒரு இடத்துலதானே?"

"ஒரு வளைவுல கத்துக்கிட்டதை அதே மாதிரி இருக்கற மத்த வளைவுக்கும் எடுத்துட்டுப் போகுங்க. அதனாலதான் அது இவ்வளவு சீக்கிரம் கத்துக்குது. இப்ப எந்தெந்த இடம்னு எனக்கே தெரியலை. பட்டியல் போடச் சொன்னா, அது எல்லாம் காலி ரோடுங்குது."

மாற்ற வேண்டுமென்றால் அதே வழிதான்: ஆட்கள் நிற்க வேண்டும், கண்ணில் தெரியாத அவர்களுக்காக வண்டிகள் மெதுவாக வேண்டும், நாற்பது தடவை, ஒவ்வொரு வளைவிலும். யார் போய் நிற்பார்கள்? மாவட்டத்திலிருந்து ஓர் ஆணை வந்தது. புதிதாக ஓட்டுபவர்களும் இனி வேண்டுமானால் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போகலாம், என்ஜின் அணையாது. நெய்ப் பங்கு மட்டும் பழைய இரண்டு லிட்டரே.

மாவுக்கட்டைப் பிரித்த மறுநாள் பிரதீபா கண்ணாடியைத் தூக்கிவிட்டு வண்டியை எடுத்தாள். இப்போது சாலை இப்போதே வந்தது. அது அவளுக்குப் பழக்கமே இல்லை. ஆட்டுக்கு ஒரு பிரேக், சைக்கிளுக்கு ஒரு பிரேக், தன் நிழலுக்கே ஒரு பிரேக். அறுபத்திரண்டுதான் வந்தது. புதன்கிழமை ஐந்தாவது ஊரோடு நெய் தீர்ந்தது. மீதி நாலு ஊருக்கும் போன் செய்து வர முடியாது என்று சொன்னாள். கடைசியாக மரகதத்துக்குச் செய்தாள்.

"உனக்குப் பதிலா போன வாரமும் யாரும் வரலை அம்மிணி" என்றாள் மரகதம். "பல்லு வெளக்கினா ரத்தம் வருது. மாத்திரையைக் குறைக்கறதா, அப்படியே திங்கறதா?"

பிரதீபாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. பார்க்காமல் யாரால் சொல்ல முடியும்?

"நீ அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டே வந்துரேன்."

"நீங்க எல்லாம் அதுல தெரியமாட்டீங்கம்மா. அன்னைக்கு நீங்களே பாத்தீங்களே."

"பாத்தேன். அதுக்குத்தான் ஊர்ல பேசினோம். நீ வர்ற நாள்ல ரோட்டுப் பக்கம் யாரும் வரமாட்டோம். மத்த எட்டு ஊர்லயும் சொல்லியாச்சு. ஆடு மாடெல்லாம் கட்டிருவோம். நீ பாட்டுக்கு வா."

அடுத்த திங்கட்கிழமை பிரதீபா கண்ணாடியை இறக்கிக்கொண்டு கிளம்பினாள். சாலை காலியாக இருந்தது. வளைவுகள் காலியாக இருந்தன. பிரேக்கில் ஒரு தடவைகூடக் கால் படவில்லை. நெய்முள் அசைந்ததாகவே தெரியவில்லை. வெள்ளமடைப் பிரிவுக்கு வந்தபோது லிட்டருக்கு நூற்றுப் பதினான்கு காட்டியது. அவள் ஓட்டியதிலேயே அதுதான் அதிகம். கணிப்பியும் அன்று முழுக்க ஒரு தவறுகூடச் செய்யவில்லை. அது காலி என்றது, காலியாகவே இருந்தது.

மனம் கேட்காமல் பிரிவில் வண்டியை மெதுவாக்கிக் கண்ணாடியைத் தூக்கினாள். சாலையிலிருந்து முப்பது அடி தள்ளி, கருவேலத்துக்குப் பின்னால், காட்டுக்குள் ஊரே நின்றிருந்தது. பள்ளிக்கூடப் பைகளோடு பிள்ளைகள், மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி இரண்டு பேர், மாத்திரைச் சீட்டோடு மரகதம். அவள் கடந்து போவதற்காக எல்லாரும் சத்தமில்லாமல் காத்திருந்தார்கள். மரகதம் கையை வீசி, நிக்காதே, நெய் வீணாகும், வீட்டுக்குப் போ, பின்னாலேயே வருகிறோம் என்று ஜாடை காட்டினாள்.

பிரதீபா கண்ணாடியை இறக்கினாள். வெயிலில் சாலை மட்டும் இருந்தது.